வாசிக்கவா என்று கேட்டார்கள்

1

இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வீட்டுப்பாடம் பிள்ளைக்குத்தான் என்று பெயர். கடைசியில் வந்து விடிவது தாய்தகப்பன் தலையில். டொராண்டோவுக்கு வந்து பதின்மூன்று வருஷமாகிறது. வருமான வரிப் படிவத்தைக்கூட இப்போது தைரியமாகத் தொடுவேன்; என் மகள் கீர்த்தியின் பையிலிருந்து வரும் தாள்களைக் கண்டால்தான் இன்னும் பயம். எதைக் கொடுத்தாலும் அடியில் ஒரு கோடு இருக்கும், பெற்றோர் கையெழுத்துக்கு.

போன வெள்ளிக்கிழமை ஒரு தாளோடு ஒரு வீடியோ கேசட்டும் வந்தது. கீர்த்திக்குப் பன்னிரண்டு வயது. இங்கே ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு வாத்தியம் எடுத்தே ஆக வேண்டும். அவள் ஆசைப்பட்டது டிரம்பெட். அது தீர்ந்துபோய்விட்டது என்று கையில் கிளாரினெட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் அவள் அதை ஊதியபோது வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெங்காயம் அன்றைக்கு வசதியாகப் போயிற்று.

கேசட்டில் இருந்தது ஓர் ஆவணப்படம். உலகத்துக்கே தெரிந்த ஒரு சினிமா இயக்குநரைப் பற்றியது. படம் எடுப்பது அவருக்குத் தொழில். கிளாரினெட் வாசிப்பதுதான் ஆசை. அதிலும் பழைய பாணி ஜாஸ், அவருடைய தாத்தா காலத்துச் சங்கதி. ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசிக்கிறார். கோட்டுப் போட்ட கனவான்களும் நகை போட்ட சீமாட்டிகளும் பெரிய பெரிய மண்டபங்களில் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஓட்டல் அறையில் தனியாக இருக்கும்போது அந்த மனுஷன் ரீடை நாக்கில் வைத்து நனைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாரினெட்டின் வாய்ப்பக்கம் கட்டுகிற அந்த மெல்லிசான நாணல் சீவலைத்தான் ரீடு என்கிறார்கள். எச்சில் ஊறினால்தான் அது பேசும். இது எனக்குப் படத்தைப் பார்த்துத் தெரிந்ததில்லை.

படம் முடிந்ததும் கீர்த்தி, டீச்சர் கொடுத்த தாளை உரக்க வாசித்தாள். இந்த இசை அமெரிக்காவின் தெற்கே ஒரு துறைமுக ஊரில் வளர்ந்ததாம். அங்கே யாராவது செத்தால் பேண்டு வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோவார்களாம். போகும்போது மெதுவாக, அழுகிற மாதிரி வாசிப்பார்களாம். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம் போடுகிற மாதிரி வாசிப்பார்களாம்.

"அம்மா, சாவுக்கு பேண்டு. சோ கூல், இல்ல?" என்றாள்.

தாளின் அடியில் ஒரு கேள்வி. உன் குடும்பத்தில் வாத்தியம் வாசித்தவர் யாராவது உண்டா? உண்டென்றால் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுது. கீர்த்தி நான் சொல்லும் முன்பே 'யாருமில்லை' என்று எழுதி வைத்திருந்தாள்.

"நம்ம ஃபேமிலில யாரும் இல்லதானே?"

"இல்லை" என்றேன். கையெழுத்தும் போட்டேன். திங்கட்கிழமை காலையில் அந்தத் தாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

2

என் அண்ணன் சுந்தரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர்.

எனக்குப் பத்து வயதிலும் அவருக்கு இருபது வயதிலும் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். என்னை வளர்த்து, பி.காம் வரைக்கும் படிக்கவைத்தது அவர்தான். ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் கோன் வைண்டிங்கில், நூல் சுற்றுகிற பிரிவில் வேலை. வீட்டுக்கு வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். முகூர்த்த நாள் வந்தால் யாரையாவது கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிடுவார். சிவப்புக் கோட்டு, மஞ்சள் ஜரிகை, தலையில் தொப்பி. அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பிறகு வயது வந்தபோது சிரிப்பு போய்க் கூச்சம் வந்தது.

கிளாரினெட்டின் துண்டுகள் ஒன்றோடொன்று சேருகிற இடத்தில் தக்கை இருக்கும். அது தேய்ந்துபோனால் கடையில் போய் வாங்குகிற வழக்கம் அண்ணனிடம் கிடையாது. மில்லில் கழித்துப் போட்ட நூலைக் கொண்டுவந்து, மெழுகு தேய்த்து, இறுக்கமாகச் சுற்றிவிடுவார். எங்கள் ஊரில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற தறிகளுக்குக் குறைவில்லை. அந்தத் துணியில்தான் கிளாரினெட்டைச் சுற்றி வைப்பார். பார்க்கிறவர்களுக்கு யாருக்கோ கை ஒடிந்து கட்டுப் போட்டமாதிரி இருக்கும். அண்ணன் மனைவி, என் மதினிகூடக் கேலி செய்வாள்.

செட்டின் தலைவர் ஞானமுத்து மாஸ்டர். கல்யாணம், காதுகுத்து, கோயில் சப்பரம், சர்ச் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் செட்டுதான் போகும். சாவுக்கும் போகும். நல்லபடியாக வாழ்ந்து முடித்த பெரியவர்கள் செத்தால் பாடைக்கு முன்னால் பேண்டு வைத்துக் கூட்டிப்போவது அப்போதெல்லாம் ஒரு கௌரவம். வைக்கிறவர்களுக்குத்தான் கௌரவம். வாசிக்கிறவர்களுக்கு என்ன பேர் என்பது ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் கல்யாணத்தில் நன்றாக வாசிப்பார். சாவில் இன்னும் நன்றாக வாசிப்பார். இதை நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், ராஜபாளையத்தில் எங்கள் தெருவழியாகவே ஒரு சாவு போனபோது. பழைய சினிமாப் பாட்டுத்தான். எந்தப் பாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தெருவில் நின்றிருந்த பெண்கள், செத்தவரை முன்பின் தெரியாதவர்கள், முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று கேட்டேன். அவர் என் அண்ணன் என்று பக்கத்துத் தெருக்காரர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு.

3

எண்பத்தைந்தில் எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை கனடாவில் என்ஜினீயர். மாப்பிள்ளையின் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குமாஸ்தா. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறது என்று தகவலும் வந்தது. நாலாம் நாள் தரகர் வந்து திண்டாடிக்கொண்டு நின்றார்.

"பையனோட அப்பா உங்க அண்ணனை அடையாளம் கண்டுக்கிட்டாவ. ஒரு பெரிய வக்கீல் சாவுல இவர் அவுக கண்ணு முன்னாடியே ஊதிட்டுப் போயிருக்காரு. சாவுக்கு ஊதுற வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்கதுன்னு கேக்காவ. அதை விட்டுட்டார்னா மேக்கொண்டு பேசலாமாம்."

அண்ணன் அப்போது மில்லில் இருந்தார். மதினி பொற்கொடி என்னைப் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தாள் என்பது இப்போது புரிகிறது.

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டும், அந்த விமானம் வேண்டும். அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்ததும் நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். தரகர் சொன்னதைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"கல்யாணம் முடியுற வரைக்கும் போகலை. செட்டுல சொல்லிருதேன்" என்றார்.

"அதுவரைக்கும் இல்லண்ணே. எப்பவுமே. கல்யாணத்துக்கும் வேண்டாம், சாவுக்கும் வேண்டாம். எந்தச் சாவுக்கும் உங்க செட்டும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். எனக்குத் தலைகுனிவா இருக்கு."

தலைகுனிவு என்ற சொல்லை நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அழவும் செய்தேன், அது வேறு.

"எதுக்கு ஏட்டி அழுத? கை நீட்டு" என்றார். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். எங்கள் வீட்டில் கையில் அடித்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. மறுநாளே கிளாரினெட்டைக் கொண்டுபோய் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

இனிமேல்தான் கூத்து. மாப்பிள்ளை அழைப்புக்குச் சம்பந்தி வீட்டார் பேண்டு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்ல செட்டு எது? ஞானமுத்து மாஸ்டர் செட்டு. வீட்டுக்கு ஆகாத பேண்டு, அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு முன்னால் மட்டும் ஆகும் போலிருக்கிறது. மாஸ்டர் வந்தார், அண்ணனைப் பார்த்தார், செட்டை வரிசையில் நிறுத்தினார். அண்ணன் பட்டு வேட்டி கட்டி, சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு என் மாமனார் பக்கத்தில் நடந்து வந்தார்.

அண்ணன் இடத்தில் புதிதாக ஓர் ஆள் வாசித்திருக்கிறார். பாட்டில் மேலே போகிற இடத்தில் அந்த ஆள் தடுக்கி நின்றுவிட்டாராம். அண்ணன் சட்டென்று திரும்பிப் பார்த்தாராம். மாமனார் தன் முகத்தைப் பார்ப்பது தெரிந்ததும் மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாராம். தட்டுக்கு அடியில் அவர் விரல்கள் அந்தப் பாட்டை வாசித்து முடித்ததைப் பக்கத்தில் வந்த மதினி பார்த்திருக்கிறாள். நான் மண்டபத்தில் அலங்காரத்தில் இருந்தேன். எனக்குத் தடுக்கிய சத்தம் மட்டும் கேட்டது.

4

அதற்குப் பிறகு அவர் வாசிக்கவேயில்லை. கடிதங்களில் மில் பற்றி எழுதுவார், மழை பற்றி எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் வந்து காத்திருந்து பேசுவார். பேண்டு என்ற வார்த்தையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கீர்த்திக்கு நாலு வயதானபோது ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனோம். ஏதோ கல்யாண ஊர்வலம் பேண்டோடு தெருவில் வந்தது. குழந்தை ஜன்னலுக்கு ஓடினாள். அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் கால் கழுவினார். சத்தம் தெருக்கோடியைத் தாண்டும் வரைக்கும் கழுவிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றிரண்டில் அவரை இங்கே கொஞ்சநாள் வரவழைக்க ஆசைப்பட்டு விசாவுக்குப் போட்டேன். அந்தப் படிவத்தில் இதுவரை பார்த்த வேலைகள், சேர்ந்திருந்த அமைப்புகள் எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருந்தது. அண்ணன் கடிதத்தில் கேட்டார். 'பேண்டு செட்டில் பதினாறு வருஷம் இருந்தேன், அதையும் எழுத வேண்டுமா தாயி? சர்க்கார் தாளில் மறைக்கக் கூடாது அல்லவா?' நான் பதில் எழுதினேன். 'வேண்டாம், மில் வேலை மட்டும் போதும்.' படித்த மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிற ஆளின் படிவத்தில் பேண்டுக்காரன் என்று இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒன்றும் ஆகியிருக்காது. எழுதாமல் விட்டும் விசா கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். அந்த மனுஷன் ராஜபாளையத்தை விட்டு எங்கே போகப்போகிறார் என்று அந்த அதிகாரிக்கு யார் சொல்வது.

5

தொண்ணூற்றாறில், ஒரு காலை ஆறரை மணிக்குப் போன் வந்தது. அண்ணன் நெஞ்சுவலியில் படுத்திருக்கிறார் என்று முந்தின வாரமே தகவல் வந்திருந்தது. அப்போது அங்கே சாயங்காலம் நாலு மணி. மதினி எதிர்வீட்டு ராஜு வீட்டு டெலிபோனிலிருந்து பேசினாள். அண்ணன் மத்தியானமே போய்விட்டார்.

என் பாஸ்போர்ட் அப்போது குடியுரிமை விண்ணப்பத்தோடு ஏதோ ஓர் அலுவலகத்தில் இருந்தது. அது திரும்பி வருவதற்கு எழுத்து மூலம் கேட்க வேண்டும், இறப்புச் சான்றிதழை இணைக்க வேண்டும். பிறகு அந்த அலுவலகத்தில் ஒரு பெண் அன்பாகவே சொன்னாள், கூடப்பிறந்தவர் நெருங்கிய உறவில் சேருவாரா என்று பார்த்துச் சொல்கிறேன் என்று. பார்த்துச் சொல்லட்டும். எப்படியும் நான் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. ஆறு மணிக்குள் எடுக்க வேண்டும் என்று அங்கே முடிவாகியிருந்தது.

மதினி அழுது முடித்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து மாஸ்டரும் செட்டு ஆளுகளும் வந்திருக்காவ. யாரும் கூப்பிடல, அவியளாத்தான் வந்தாவ. பத்துப் பன்னெண்டு பேரு உடுப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்காவ. வாசிக்கவான்னு கேக்காவ. நீ என்ன சொல்லுத?"

எனக்கு ஒரு கணம் தோன்றியது, மதினி ஏன் என்னைக் கேட்கிறாள் என்று. வீட்டுக்காரி அவள், கட்டினவள் அவள். ஆனால் வாய் அதைக் கேட்கவில்லை. வாய் வேறு ஒன்றைக் கேட்டது.

"என் மாமனார் வந்திருக்காவளா மதினி?"

"வந்திருக்காவ. நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்கோம்."

"அப்பம் வேண்டாம் மதினி."

 

"சரி தாயி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கீர்த்தி எழுந்து வந்து ஏன் அழுகிறேன் என்று கேட்டாள். மாமா இறந்துபோய்விட்டார் என்றேன். "அது செத்துப் போச்சா?" என்று கேட்டாள். பத்து வயதுப் பிள்ளை. அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அவளை அடித்தேன். அவள் பிறந்ததிலிருந்து நான் கை ஓங்கியது அந்த ஒரு தடவைதான். அந்த அடி யாருக்கு விழ வேண்டியது என்று எனக்குத் தெரியும்.

6

இந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணனின் இரண்டாம் வருஷத் திதி. மதினி இப்போது வீட்டிலேயே போன் வைத்திருக்கிறாள். வேலைக்குப் போகும் முன் கூப்பிட்டேன். வழக்கமாக நாலு வார்த்தை விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். இந்தத் தடவை அந்தப் படம் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. மதினியிடம் அதைச் சொன்னேன். பெரிய சினிமாக்காரர் ஒருவர் அண்ணனின் வாத்தியத்தை வைத்துக்கொண்டு உலகமெல்லாம் சுற்றுகிறார், அவர் வாசிக்கிற பாட்டே ஒரு ஊரில் சாவுக்கு வாசிக்கிற பாட்டுத்தான், சனங்கள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள் என்று சொன்னேன்.

"அப்படியா" என்று மட்டும் சொன்னாள்.

"அன்னைக்கு வாசல்ல நின்னவுக வாசிக்காமத் திரும்பிப் போயிட்டாவளா மதினி?"

இரண்டு வருஷத்தில் நான் இதைக் கேட்டதே இல்லை.

"போகல. தொப்பியைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, வாத்தியத்தைத் தூக்கிக்கிட்டு, சுடுகாடு வரைக்கும் சும்மாவே நடந்து வந்தாவ. மாஸ்டருக்குக் கால் சரியில்ல, அவரும் நடந்தாரு. வேடிக்கை பாத்த ஆளுக, வாசிக்கத் தெரியாதவனுவ போலன்னு பேசிக்கிட்டானுவ."

 அன்றைக்குக் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

"நீங்க எதுக்கு மதினி என்கிட்ட கேட்டீக? நீங்களே வாசிங்கன்னு சொல்லியிருக்கலாம்லா. நான் தடுக்கவா போறேன், இம்புட்டுத் தூரத்துல இருந்து?"

 மதினி பின்னால் யாரிடமோ இலையை உள்ளே கொண்டுபோய் வை என்றாள். பிறகு சொன்னாள்.

"எனக்கும் அதான் ஆசை. உங்க அண்ணன்தான் ஒத்துக்கிடல. படுக்கையில இருக்கும்போதே சொல்லிட்டாவ. மாஸ்டர் எப்படியும் வருவாரு, ஆனா நான் எந்தச் சாவுக்கும் வேண்டாம்னு தங்கச்சி கையில அடிச்சுக் கொடுத்திருக்கேன், என் சாவும் அதுல சேத்திதான். அவளைக் கேட்டுக்கோ, அவ சரின்னா வாசிக்கட்டும்னாவ."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் சரின்னுருப்பேனே மதினி."

"அதையும் சொன்னாவ தாயி. நான் கேக்கச் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாத, சொன்னா அழுதுக்கிட்டே சரின்னுருவா. அவளா சொல்லணும்னாவ."

ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. கீர்த்தி கிளாரினெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கை அசைத்தாள் போலிருக்கிறது, நான் திருப்பி அசைத்தேனா என்று ஞாபகமில்லை.

"லைன்ல இருக்கியா?" என்றாள் மதினி.

"இருக்கேன்."

"போகட்டும் விடு. நீ என்ன செய்வ, உனக்குத் தெரியாதுல்லா. படையல் போடணும், ஆளுக உக்காந்திருக்காவ. நான் வைக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

நான் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

"வாசிக்கட்டும் மதினி" என்றேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை.